முப்பத்தெட்டு இடுப்புக்காரன்

அந்த ஜீன்ஸ் யாருடையது என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் அலைந்தேன். இடுப்பு முப்பத்தெட்டு, நீளம் முப்பத்தாறு. பிப்ரவரியில், பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இழுவைச் சங்கிலி தேடி என் மனைவி லவானின் காரைத் திறந்தபோது பின்சீட்டுக்கு அடியில் கிடந்தது. கடைப் பையோடு, புத்தம் புதிதாக.

என் இடுப்பு முப்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொண்ட அன்று என்ன அளவோ, முப்பத்து நாலு வருஷமாக அதே அளவு. மாட்டு ஏலத்தில் யாராவது தன் தொப்பையைப் பற்றி அலுத்துக்கொண்டால் போதும், நான் திரும்பி நின்று பின்பக்கத்தைத் தட்டிக் காட்டுவேன். எங்கள் பக்கத்து ஜீன்ஸில் பெல்ட்டுக்குக் கீழே பின்னால் ஒரு தோல் பட்டை தைத்திருக்கும். அளவு அதில்தான் அச்சடித்திருக்கும். போட்டவனுக்குத் தெரியாது, பின்னால் நிற்பவனுக்குத் தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் இல்லை, நிறையவே.

லவான் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஜீன்ஸை மேஜைமேல் போட்டேன்.

"இது யாருக்கு?"

அவள் திடுக்கிட்டாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் அவ்வளவு தூரம் போயிருக்கமாட்டேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய்யாகவும் இருக்கலாம்.

"முப்பத்தெட்டு இடுப்பு வச்சிருக்கற தடியன் எவன்? எத்தனை நாளா நடக்குது?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நிஜமாத்தான் கேக்கறியா, ஓரின்?"

"நிஜமாத்தான்."

"அப்ப நீயே கண்டுபிடி."

அரை மணி நேரத்தில் இரண்டு பெட்டியோடு ஊருக்குள் இருக்கிற தன் அக்கா ஆர்டித் வீட்டுக்குப் போய்விட்டாள். கிழங்கு பாதி சீவியபடி கிடந்தது. ஜீன்ஸும் கிடந்தது. அதை எடுத்து என் பிக்கப் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் செருகினேன். அதைச் சாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஏலக்கொட்டகையில், தேவாலயத்தில், தபால் ஆபீஸ் வரிசையில், எல்லா இடத்திலும் பின்னால் போய் நின்று பட்டையைப் படிப்பதுதான் வேலை. அறுபத்தோரு வயது மனிதன் குனிந்து குனிந்து ஆம்பளைகளின் பின்பக்கத்தைப் படிப்பதை ஊர் என்னவென்று நினைத்ததோ தெரியாது. முப்பத்தெட்டு இடுப்புக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்களுக்கெல்லாம் நீளம் முப்பது, முப்பத்திரண்டு. நீளம் முப்பத்தாறு உள்ளவர்களோ ஒல்லிக்குச்சிகள். இரண்டும் சேர்ந்த ஆளே கிடைக்கவில்லை. எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று.

மூன்று பேரிடம் அந்த அளவு யாருக்கு என்று நேராகவே கேட்டேன். தீவனக் கடை வெண்டல், லாடம் அடிக்கும் கஸ், பக்கத்துப் பண்ணை ஹார்லன். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். "லவான் எவனுக்கோ ஜீன்ஸ் வாங்கியிருக்கா" என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆறுதல் வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்டல் சாக்கை எடுத்து வைக்கப் போய்விட்டான். கஸ் குதிரைக் குளம்பிலிருந்து தலையே தூக்கவில்லை. ஹார்லன் மட்டும், "நீ வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குப்பா" என்றான்.

மே மாதம் வந்தது. சனிக்கிழமை ஹார்லனின் பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிற நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். குதிரைமேல் இருந்து கயிறு வீசிக் கன்றை இழுத்து வருகிற வேலை எல்லாருக்கும் கிடைக்காது, சொந்தக்காரன் வாயால் கூப்பிட வேண்டும். ஹார்லன் பதினெட்டு வருஷமாக என்னைக் கூப்பிடுகிறான். லவானும் பதினெட்டு வருஷமாக அங்கே சமையலுக்குப் போகிறாள். இந்த வருஷமும் போவாள், ஏனென்றால் ஹார்லனின் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கிற ஒரே நாள் அதுதான். அன்றைக்கு அவளிடம் வீட்டுக்கு வா என்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே நேரம் அந்தத் தடியன் யார் என்றும் தெரிந்தாக வேண்டும். இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்று எனக்கே புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை குதிரையில் ஏறக் காலைத் தூக்கினேன். தொடையின் உள்பக்கம் டர்ரென்று முழங்கால்வரை கிழிந்தது. இன்னொன்று முழங்காலில் ஓட்டையோடு இருந்தது. என்னிடம் இருந்ததே இரண்டுதான். ஓட்டை ஜீன்ஸை மாட்டிக்கொண்டு ஏன்ஸ்வொர்த் டவுனுக்கு வண்டியை விட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நானாக ஜீன்ஸ் வாங்கியதில்லை. வருஷத்துக்கு இரண்டு, கன்று ஈனும் காலத்துக்கு முன்னால், அலமாரியில் மடித்து வைத்திருக்கும். கடைக்குள் போய் நின்றால் சுவர் முழுக்க ஜீன்ஸ். ஒன்று இடுப்புக்கு மேலே நிற்குமாம், ஒன்று கீழே. ஒன்று தொடையில் தாராளமாம், ஒன்று பூட்ஸுக்கு மேலே விரியுமாம், ஒன்று ரப்பராக இழுபடுமாம். எது எனக்கு என்று யாரைக் கேட்பது? முழித்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரி துவைலா என்னோடு பள்ளியில் படித்தவள். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா" என்றாள். "நீ எப்ப வருவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

"ஜீன்ஸ் வேணும். சனிக்கிழமை நாள் பூரா குதிரைமேல இருக்கணும்."

"என்ன அளவு?"

"இதென்ன கேள்வி? முப்பத்து மூணு, முப்பத்தாறு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். திரைக்குப் பின்னால் போய் மாட்டினேன். தொடையைத் தாண்டவில்லை.

"கம்பெனிக்காரன் துணியைத் திருடறான்" என்றேன் திரைக்கு உள்ளிருந்தே. "வேற கம்பெனி குடு."

வேறு கம்பெனி வந்தது. இடுப்புக்கு வந்தது, பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு கை அகலம். மூன்றாவதும் முப்பத்து மூன்றுதான், ஆனால் ரப்பர் துணி. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன். வெற்றியோடு வெளியே வந்தேன்.

"நின்னா போதாது" என்றாள் துவைலா. கடை நடுவில் மரச்சட்டத்தின்மேல் ஒரு சேணம் இருக்கும், போட்டுப் பார்க்கிறவர்கள் ஏறி உட்காருவதற்கு. "ஏறு."

இடது காலை அங்கவடிக்குத் தூக்கினேன். முழங்கால்வரை தூக்க முடிந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். பொத்தான் தெறித்துத் தொப்பி அலமாரிக்கு அடியில் ஓடியது.

"அதுக்குப் பணம் குடுத்துடு" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல, துவைலா. நான் போட்டுட்டு வந்ததும் முப்பத்து மூணுதானே? அது எப்படி எனக்குச் சேருது?"

"அதை என்னைக் கேக்காதே." கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். "கையைத் தூக்கு."

அளந்தாள். டேப்பை விரலால் பிடித்தபடியே என் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள். முப்பத்தெட்டு.

டேப் சுருங்கிப்போய்விட்டது என்றேன். அவள் வேறு டேப் கொடுத்தாள். நானே அளந்தேன். முப்பத்தெட்டு. மூச்சை விட்டால் முப்பத்தெட்டரை. அளவெல்லாம் நாட்டில் மாறிவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஒருவேளை மூன்று மாதமாக டப்பா உணவு தின்றதில் ஊதிவிட்டேனோ என்று நினைத்தேன். ஆனால் அப்படி ஊதியிருந்தால் போட்டு வந்த ஜீன்ஸ் எப்படி ஏறியது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"உள்ள போ" என்றாள். "உன் பழசைக் கழட்டி வச்சிருக்கியே, அதோட பட்டையை நல்லாப் பாரு. கண்ணாடி போட்டுப் பாரு."

திரைக்குப் பின்னால் உள்ளாடையோடும் தொப்பியோடும் நின்று, என் ஜீன்ஸை எடுத்துத் திருப்பினேன். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக அதை ஒழுங்காகப் பார்த்தேன். ஜீன்ஸுக்கு வயது ஒன்று. பட்டைக்கு எத்தனை வயது என்று சொல்லவே முடியவில்லை. வறண்டு, கறுத்து, நாலு மூலையும் சுருண்டு கிடந்தது. முப்பத்து மூன்று என்ற எண் பாதி அழிந்திருந்தது. ஜீன்ஸ் முழுக்க மெஷின் தையல், ஆரஞ்சு நூல். பட்டையைச் சுற்றி மட்டும் பழுப்பு நூல், கைத்தையல். அந்தத் தையலை எனக்குத் தெரியும். என் சட்டைப் பொத்தான்களில் இருக்கிற தையல்.

உள்பக்கம் அளவுச் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கத்தரித்த தடம். சீட்டு முதுகில் குத்துகிறது என்று நான் ஒரு தடவை சொன்னதால்தான் வெட்டிவிடுகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"துவைலா" என்றேன். "உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம ஜீன்ஸ் எங்கேருந்து போகும்? வாயத் தொறக்கக் கூடாதுன்னு லவான் சத்தியம் வாங்கிட்டா. நீ ஊர் பூரா போய் அவளைப் பத்திப் பேசினது தெரிஞ்சப்பக்கூட, சொல்லாதேன்னுட்டா. உன்னை அளக்கக் கூடாதுன்னு மட்டும் அவ சொல்லல."

திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. வயிறு பெருத்ததற்கு அல்ல. மூன்று மாதமாக ஊரில் ஒவ்வொருவனுக்குப் பின்னாலும் போய் நான் தேடிய தடியனை என் மேலேயே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

"பிக்கப்ல சீட்டுக்குப் பின்னால ஒரு பை இருக்கு" என்றேன். "கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா?"

எடுத்துவந்து திரைக்கு மேலாக எறிந்தாள். போட்டேன். தடங்கல் இல்லாமல் ஏறியது. பொத்தான் தானாகப் போய் உட்கார்ந்தது. வெளியே வந்து சேணத்தில் ஏறினேன். கால் அங்கவடிக்குப் போன பாதையில் எங்கேயும் பிடிக்கவில்லை. முன்னால் குனிந்தேன், பின்னால் இடுப்பு இறங்கிச் சட்டை வெளியே வரவில்லை. நிற்கும்போது காலடியில் மடிந்து கிடந்த இரண்டு அங்குலம், உட்கார்ந்ததும் நிமிர்ந்து பூட்ஸ் குதிகாலில் கச்சிதமாக நின்றது. தொடை இடுக்கில் ஒரு மடிப்பு கிடையாது.

"ஒரே அளவு போட்டிருந்தாலும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது" என்றாள் துவைலா. "அவ வந்தா இருக்கறதையெல்லாம் எறக்கச் சொல்லுவா. ஒவ்வொண்ணா உள்பக்கம் திருப்பி, தொடைத் தையல் மேல கட்டைவிரலை வச்சு மேலேருந்து கீழே தடவிப் பாப்பா. ஒரு முடிச்சு தட்டினாலும் வேணாம்னுடுவா. ஒரு வருஷம் உனக்குத் தொடை உரிஞ்சு புண்ணாச்சாமே, அதுலேருந்து. இந்த வருஷம் பதினொண்ணு பாத்து ஒண்ணு எடுத்தா. இன்னொண்ணு சரக்கு வந்ததும் எடுத்துக்கறேன்னா. அப்புறம் அவ வரவே இல்ல."

சேணத்திலிருந்து இறங்க எனக்கு மனசு வரவில்லை. மரக்குதிரைமேல் உட்கார்ந்து அழுதேன் என்று வெண்டலிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான்.

அங்கிருந்து நேராக ஆர்டித் வீட்டுக்குப் போனேன். லவான் வலைக்கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். கொண்டியை எடுக்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"துவைலா சொன்னாளா?"

"இல்ல. அளந்தா."

"ம்."

"எதுக்கு இதெல்லாம் பண்ணினே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எந்த வருஷம் ஆரம்பிச்சது தெரியுமா? மழையே இல்லாம பாதி மாட்டை வித்தோமே, அந்த வருஷம். நீ யாரோடயும் பேசாம சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தே. முப்பத்து நாலு வாங்கற அளவுக்கு வந்திருந்தே. அதையும் அன்னிக்கு உங்கிட்ட சொல்லணுமான்னு தோணுச்சு. பழசுலேருந்து பட்டையைப் பிரிச்சுப் புதுசுல தச்சேன். அடுத்த வருஷம் ஏலத்துல எல்லார் முன்னாடியும் தட்டிக் காட்டினே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"அன்னிக்கு நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"நீ அளவைக் கேக்கல, ஓரின். எத்தனை நாளா நடக்குதுன்னு கேட்டே."

வலைக்கதவின் இந்தப் பக்கம் நின்று பூட்ஸைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள், ஏற்றுக்கொண்டதற்கா, போதும் என்பதற்கா, தெரியவில்லை.

"யார் யார் கிட்டச் சொன்னே?"

"வெண்டல். கஸ். ஹார்லன்."

"கடைத்தெருவுல பொம்பளைங்க என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்தறாங்க. கஸ்ஸோட பொண்டாட்டி தேவாலயத்துல தள்ளி உக்காந்தா. நான் இந்த ஊர்லதான் இன்னும் இருக்கணும்." கதவை விட்டு நகர்ந்தாள். "எங்கிட்ட மன்னிப்புக் கேட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை விடியும்போது ஹார்லனின் பண்ணையில் இருபது குதிரைகள் நின்றன. நான் புது ஜீன்ஸில் இருந்தேன். பட்டையில் முப்பத்தெட்டு பளிச்சென்று இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மனிதர்களுக்குப் பின்பக்கத்தைப் படிக்கும் வழக்கம் இல்லை, எனக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. மத்தியானம்வரை கயிறு வீசினேன். கை தன் வேலையைச் செய்தது, மனசு எங்கேயோ இருந்தது. ஒரு கன்றின் பின்காலுக்கு வீசியது ஹார்லனின் தொப்பியில் போய் விழுந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குள் நீள மேஜைகள் போட்டிருந்தார்கள். மாட்டிறைச்சி, பீன்ஸ், ரொட்டி, உருளைக்கிழங்கு. லவான் கரண்டியோடு நின்று எல்லாருக்கும் போட்டுக்கொண்டிருந்தாள். என் தட்டிலும் போட்டாள், முகத்தைப் பார்க்காமல். நான் போய் உட்காரவில்லை. தட்டை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினேன். என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"ஒரு விஷயம்" என்றேன். யாரும் கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். கொட்டகை அமைதியாயிற்று.

"முப்பத்தெட்டு இடுப்பு யாருக்குன்னு உங்கள்ல சில பேர் கிட்டக் கேட்டேன். அது நான்தான். லவான் அதை எனக்குத்தான் வாங்கினா. அவளைப் பத்தி நான் கேவலமா நெனச்சேன், வெளியிலயும் சொன்னேன். அது பொய். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

வெண்டல் ரொட்டியை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தியிருந்தான். கஸ்ஸின் மனைவி தட்டைப் பார்த்தாள். உட்காருவதா, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா, எனக்குத் தெரியவில்லை.

"உன் ஜீன்ஸ் புதுசாவும் பட்டை பழசாவும் இருக்கறதை நான் ரொம்ப நாளாப் பாக்கறேன்" என்றான் ஹார்லன் கடைசியில். "லவானுக்குச் சிக்கனம்னு நெனச்சேன். நான் நாப்பது, எழுதி வச்சுக்க."

எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாடு மறுபடி நடக்கத் தொடங்கியது. லவான் சிரிக்கவில்லை. காது வரைக்கும் சிவந்திருந்தாள். கரண்டியை வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போனாள். தப்பாகச் செய்துவிட்டேன், மூன்று பேருக்குத் தெரிந்ததை அறுபது பேருக்குச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். என் பிக்கப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நீ தனித்தனியாப் போய்ச் சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றாள்.

"தப்பாப் பண்ணிட்டேனா?"

"தெரியல. கஸ்ஸோட பொண்டாட்டி வந்து கையைப் பிடிச்சு அழுதுட்டுப் போறா. அவளுக்கு எதுக்கு அழுகைன்னு எனக்குப் புரியல."

காற்று மணல்மேட்டிலிருந்து புழுதியைக் கொண்டுவந்தது. கன்றுகள் கத்திக்கொண்டிருந்தன. கேட்டுவிடலாமா, வேண்டாமா என்று தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டேன்.

"வீட்டுக்கு வர்றியா, லவான்?"

அவள் ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்தாள்.

"ஆர்டித் வீட்டுல துணி காயுது" என்றாள். "இந்தப் புழுதியில வீணாப் போயிடும். மொதல்ல அதை எடுக்கணும்."

அது ஆமாவா, இல்லையா? முப்பத்து நாலு வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கவும் பயமாக இருந்தது. அவள் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். நான் ஊர்ப்பக்கம் வண்டியைத் திருப்பினேன்.